பாட்டியோட சிவப்புக்கல் அட்டிகை எந்தக் காலத்து ஸ்டைல்?

மயிலாப்பூர் பொண்ணு:
பாட்டி அட்டிகைக்கு பின்பக்கம் முழுக்க தங்கத்தால மூடியிருக்கு, அம்மாவோட வைரத்தோடு மட்டும் பின்னாடி திறந்திருக்கு, ஏன்?

ராஜி அக்கா:
மூடினதுதான் பழைய முறைம்மா. கல்லுக்கு அடியில பளபளன்னு தகடு வெச்சு மூடிடுவாங்க, விளக்கு வெளிச்சத்துல தகதகன்னு இருக்கும். பட்டை தீட்டின வைரத்துக்கு தகடு வேண்டாம், வெளிச்சம் உள்ள போகணும்னு திறந்து விடறாங்க. நம்ம வீடுகள்ல ப்ளூ ஜாகர்னு ஒரு வைரத்தைச் சொல்வாங்களே, அந்தப் பேரு 1870ல தென்னாப்பிரிக்காவுல கண்டுபிடிச்ச ஜாகர்ஸ்ஃபான்டைன் வைரச் சுரங்கத்துல இருந்து வந்ததுதான்.

செல்வம்:
பழைய நகைன்னதும் ஞாபகம் வருது, 1963ல அரசாங்கத்தோட தங்கக் கட்டுப்பாடு வந்து 14 காரட்டுக்கு மேல புது நகை செய்யக்கூடாதுன்னாங்க, எத்தனை பொற்கொல்லர் குடும்பம் பொழப்பு இல்லாம தவிச்சுது தெரியுமா.

மீனா:
பழசுன்னு அட்டிகையை உருக்க மட்டும் கொடுத்துடாதம்மா! தஞ்சை பெரிய கோயில் கல்வெட்டுல ஒவ்வொரு நகைக்கும் எடை, முத்து எத்தனைன்னு எண்ணி வெட்டியிருக்காங்க. நீயும் போட்டோ எடுத்து, எடை போட்டு, நோட்டுல எழுதி வை. எங்க பாட்டி காதுல போட்டிருந்த பாம்படத்தை உருக்கிட்டோம், இன்னும் மனசு ஆறல.