பள்ளி அலுவலக மென்பொருள்: சர்வரில் ஒரே நகலா, கணினிக்கு ஒன்றா?

மூன்றாம்மேசை:
எங்கள் பள்ளி அலுவலகத்தில் ஒன்பது கணினிகள். கட்டணம், வருகை, மாற்றுச் சான்றிதழ் எல்லாவற்றுக்கும் ஒரே மென்பொருள். அது சர்வரில் ஒரு பகிர்வு ஃபோல்டரில் கிடக்கிறது; மற்ற கணினிகளில் வெறும் ஷார்ட்கட்தான். நேற்று புதிய பதிப்பைப் போட உட்கார்ந்தேன். கோப்பு பயன்பாட்டில் இருக்கிறது என்று சொல்லி நின்றுவிட்டது. கேட்டால் எல்லோரும் மூடிவிட்டோம் என்கிறார்கள். கடைசியில் பார்த்தால், சாப்பிடப் போன ஒருவர் மென்பொருளை மினிமைஸ் செய்து, திரையையும் பூட்டிவிட்டுப் போயிருக்கிறார். ஒரு மணி நேரம் காத்திருந்தேன். பேசாமல் ஒவ்வொரு கணினியிலும் தனியாக நிறுவிவிடலாமா? நான் கணக்கு வாத்தியார், இந்த வேலை தலையில் வந்து விழுந்தது. இதற்குச் சம்பந்தம் உண்டா தெரியவில்லை, சில நாட்களில் ரசீது தலைமையாசிரியர் அறைப் பிரிண்டரில் போய் விழுகிறது.

கேபிள்பெட்டி:
வேண்டாம் சார். ஒருவர் பூட்டிவிட்டுப் போனதற்காக ஒன்பது இடத்தில் நிறுவுவதா? சர்வரில் கம்ப்யூட்டர் மேனேஜ்மென்ட் திறந்து, ஷேர்டு ஃபோல்டர்ஸுக்குள் ஓப்பன் ஃபைல்ஸ் பாருங்கள். எந்தப் பயனர் எந்தக் கோப்பைப் பிடித்திருக்கிறார் என்று வரிசையாக வரும். அங்கிருந்தே மூடிவிடலாம். ஒரே நகல் என்றால் ஒரே பதிப்பு. அதைவிட நிம்மதி வேறு இல்லை.

நீலத்திரை:
"அங்கிருந்தே மூடிவிடலாம்" என்று சர்வசாதாரணமாகச் சொல்கிறீர்கள். அதே பட்டியலில்தான் தரவுக் கோப்பும் இருக்கும். யாரோ பாதி எழுதிக்கொண்டிருக்கும்போது அதை மூடினால் அடுத்த நாள் முழுக்க ரிப்பேர்தான். யார் என்று தெரிந்துகொள்ள மட்டும் அந்தப் பட்டியலைப் பாருங்கள். எழுந்து போய் அவரிடமே மூடச் சொல்லுங்கள்.

சர்வரிலிருந்து நேராக ஓட்டுவதில் இன்னொரு வில்லங்கமும் உண்டு. விண்டோஸ் ஒரு நிரலை மொத்தமாக நினைவகத்தில் ஏற்றிக்கொள்வதில்லை. தேவைப்படும் பகுதியைத் தேவைப்படும்போதுதான் கோப்பிலிருந்து எடுக்கும். அந்த நேரம் பார்த்து நெட்வொர்க் ஒரு கணம் விட்டால் நிரல் அப்படியே விழும். வைஃபையில் ஓடும் லேப்டாப்களில் இதை நிறையப் பார்த்திருக்கிறேன்.

கேபிள்பெட்டி:
தரவுக் கோப்பைப் பற்றிச் சொன்னது சரி, ஒப்புக்கொள்கிறேன். வைஃபையில் ஓட்டச் சொன்னது யார்? தரவு மைக்ரோசாஃப்ட் ஆக்சஸ் தரவுத்தளக் கோப்பாக இருந்தால், நிரலை எங்கே வைத்தாலும் வைஃபை ஆகாது.

தனித்தனியாக நிறுவி நான் பட்டது இது. எட்டுக் கணினியில் புதிய பதிப்பு போட்டேன். ஒன்பதாவது ஆள் விடுப்பு, அறை பூட்டு. அவர் திரும்பி வந்து பழைய பதிப்பில் ரசீது போட்டார். புதியது எண்ணை ஓர் அட்டவணையில் எடுக்கிறது, பழையது வேறொன்றில். ஒரே எண்ணில் இரண்டு ரசீது, இரண்டு பெற்றோர் கையில். கணக்கு நேராக நான்கு நாள் ஆனது.

நீலத்திரை:
அது தனி நகலின் குற்றம் இல்லை அண்ணே, பதிப்பைச் சரிபார்க்காத குற்றம். தரவு மட்டும் சர்வரில் இருக்கட்டும், நிரல் அந்தந்தக் கணினியில். ஷார்ட்கட் நேராக நிரலைத் திறக்கக் கூடாது; ஒரு சின்ன பேட்ச் கோப்பை (கட்டளைகளை வரிசையாக எழுதிவைத்த .bat கோப்பு) திறக்க வேண்டும். அது சர்வரில் உள்ள நகலோடு ஒப்பிட்டு, மாறியிருந்தால் ரோபோகாப்பி (விண்டோஸிலேயே உள்ள நகலெடுக்கும் கட்டளை) வைத்து இழுத்துக்கொண்டு, அப்புறம் நிரலைத் திறக்கும். விடுப்பில் இருந்தவர் வந்து கிளிக் செய்த உடனே அவருக்கும் புதியதுதான்.

கேபிள்பெட்டி:
அந்தப் பேட்ச் கோப்பை எழுதியவர் வேறு வேலைக்குப் போனால்? ஒரு நாள் ஆன்டிவைரஸ் அதைத் தடுத்தால் அலுவலகமே கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கும். போதாததற்கு, புதிய பதிப்புக்கு வேறு ரிப்போர்ட் கூறு (அறிக்கை தயாரிக்கும் துணை நிரல்) வேண்டுமென்றால் அதை ஒவ்வொரு கணினியிலும் நிர்வாகி உரிமையோடு பதிந்தாக வேண்டும். ரோபோகாப்பி அதைச் செய்யாது.

நீலத்திரை:
செய்யாதுதான். ஆனால் ஷார்ட்கட் முறையிலும் அதே தலைவலி உண்டே! ஒன்று நினைவிருக்கட்டும்: நிர்வாகியாக இயக்கும்போது, சர்வர் ஃபோல்டரை மேப் செய்து வைத்த இசட் டிரைவ் (Z: என்ற எழுத்து) பெரும்பாலும் காணாமல் போகும். மேப் செய்தது சாதாரண உரிமையில், இது வேறு உரிமையில் ஓடுகிறது. டிரைவ் எழுத்தை விட்டுவிட்டு சர்வர் பெயரோடு முழுப் பாதையைக் கொடுங்கள். இது தெரியாமல் ஒரு மதியம் முழுக்கக் கேபிளைப் பிடுங்கிப் பிடுங்கிச் செருகியிருக்கிறேன்.

பேரேடு:
நான் அந்தப் பக்கம் உட்கார்ந்து ரசீது போடுகிறவள். நகல் எங்கே இருந்தால் எனக்கென்ன? கட்டணம் கட்டும் வாரத்தில் கை வைக்காதீர்கள், அவ்வளவுதான். போன முறை அப்டேட் ஆனதும் அச்சு அரை அங்குலம் கீழே இறங்கி, தொகை கோட்டுக்கு மேலும் கீழுமாக விழுந்தது. வெளியே வரிசை நிற்கிறது, உள்ளே நான் தாளை வெட்டி ஒட்டுகிறேன். முதலில் ஒரே ஒரு கணினியில், தரவின் நகலை வைத்து ஓட்டி, பத்து ரசீது அச்சடித்துப் பார்க்கக் கூடாதா?

நீலத்திரை:
நூற்றுக்கு நூறு மேடம். பேக்கப் எடுக்காமல் புதியதைத் திறக்கவே கூடாது. பல மென்பொருள்கள் முதல் முறை திறக்கும்போதே அட்டவணைகளை மாற்றிவிடும். அப்புறம் பழைய பதிப்பு அந்தத் தரவைத் தொடாது.

அதற்காக விண்டோஸ் அப்டேட்டையும் மாதக்கணக்கில் தள்ளாதீர்கள். 2017 மே மாதம் கோப்புகளைப் பூட்டிப் பணம் கேட்கும் வானாக்ரை வைரஸ் பரவியதே, அது புகுந்த விண்டோஸ் ஓட்டைக்கு மைக்ரோசாஃப்ட் மார்ச்சிலேயே திருத்தம் கொடுத்திருந்தது. போடாதவர்கள்தான் மாட்டினார்கள். அது நுழைந்ததும் கோப்புப் பகிர்வுக்கான பழைய எஸ்எம்பி வழியாகத்தான்.

கேபிள்பெட்டி:
அதில் எனக்கு மறுப்பில்லை. என் முறையிலும் நிரல் ஃபோல்டருக்குப் படிக்கும், இயக்கும் உரிமை மட்டும்தான். எழுதும் உரிமை தரவு ஃபோல்டருக்கு மட்டும். ஒரு கணினியில் வைரஸ் வந்தால் நிரலாவது தப்பும்.

நீலத்திரை:
சொல்ல எளிது. பழைய மென்பொருள் பலவும் தன் செட்டிங்ஸை நிரல் ஃபோல்டரிலேயே எழுதும். உரிமையை எடுத்தால் திறக்கவே திறக்காது. அதனால்தான் எல்லோருக்கும் முழு உரிமை கொடுத்துவிட்டுப் போகிறார்கள். மூன்றாம்மேசை சார், உங்கள் நிரல் ஃபோல்டரைத் திறந்து, இன்றைய தேதியில் மாறிய கோப்பு ஏதாவது இருக்கிறதா பாருங்கள்.

மூன்றாம்மேசை:
பார்த்தேன். செட்டிங்ஸ் எழுதிவைக்கும் ஐஎன்ஐ கோப்பு ஒன்று, இன்று காலை 10.40க்கு மாறியிருக்கிறது. நோட்பேடில் திறந்தால் உள்ளே பிரிண்டர் பெயர்: தலைமையாசிரியர் அறைப் பிரிண்டர். 10.40க்கு அவர்தான் தன் அறையிலிருந்து ஒரு சான்றிதழ் எடுத்தார். ஒன்பது கணினிக்கும் இந்த ஒரே கோப்புதான்!

கேபிள்பெட்டி:
சரி, இந்த மென்பொருளுக்கு மட்டும் தனி நகல் போடுங்கள். முதலில் பேக்கப்.