அண்டார்க்டிகா பயணம்: சிறிய கப்பலா, பெரிய கப்பலா?

தென்திசை (கேள்வி):
அர்ஜென்டினாவின் தென்கோடியில் உள்ள உஷுவாயா துறைமுகத்திலிருந்து அண்டார்க்டிகா தீபகற்பத்துக்குச் செல்லும் கப்பல் ஒன்றில் இடம் பதிவு செய்ய எண்ணியிருக்கிறேன். நூறு பேர் செல்லும் சிறிய கப்பல், நானூறு பேர் செல்லும் பெரிய கப்பல் ஆகிய இரண்டும் ஒரே வழித்தடத்தையே காட்டுகின்றன. பெரியதில் வசதிகள் மிகுதி, அலைகளில் கப்பலின் ஆட்டமும் குறைவு என்கிறார்கள். அப்படியிருக்கச் சிறியதைத் தேர்ந்தெடுக்கத் தக்க காரணம் உண்டா? நவம்பர், பிப்ரவரி ஆகிய இரண்டில் எந்த மாதம் ஏற்றது?

கடலோடி:
வழித்தடத்தை விட்டுவிட்டுப் பயணிகளின் எண்ணிக்கையைப் பாருங்கள். அண்டார்க்டிகா சுற்றுலா நிறுவனங்களின் பன்னாட்டுச் சங்கம் 1991 இல் தொடங்கப்பட்டது. அதன் விதிப்படி, ஓரிடத்தில் ஒரே நேரத்தில் 100 பயணிகளுக்கு மேல் கரையில் இருக்கக் கூடாது. 500 பேருக்கு மேல் ஏற்றிவரும் கப்பலோ பயணிகளைக் கரையிறக்கவே முடியாது. ஆகவே நானூறு பேர் கப்பலில் ஓர் அணி பென்குயின்களுக்கு நடுவே நிற்கும்போது, இன்னோர் அணி சோடியாக் ரப்பர் படகில் சுற்றிக்கொண்டிருக்கும். மற்றவர்கள் மேல்தளத்தில் தங்கள் முறைக்காகக் காத்திருப்பார்கள். காற்று திடீரென்று வலுத்துப் படகுகளைத் திரும்ப அழைத்துவிட்டால், கடைசி அணிக்கு அந்தக் கரை கிடைக்காமலே போகலாம். நானாக இருந்தால் சிறிய கப்பலில்தான் செல்வேன்.

வெண்பனி:
நவம்பரில் பனி அழுக்கேறாமல் தூய்மையாக இருக்கும். பென்குயின்கள் இணை சேர்ந்து, ஜென்டூ இனமானால் கூழாங்கற்களைக் கொண்டு கூடு கட்டிக்கொண்டிருக்கும். பிப்ரவரியில் குஞ்சுகள் நன்கு வளர்ந்திருக்கும், கூனல் முதுகுத் திமிங்கிலங்களும் மிகுதியாகத் தென்படும்; ஆனால் பென்குயின் குடியிருப்புகளில் எச்சத்தின் நாற்றம் மூக்கைத் துளைக்கும், இதை விளம்பரங்கள் சொல்வதில்லை. திமிங்கிலம் முதன்மை என்றால் பிப்ரவரியே சரி. எந்த மாதமானாலும், கரையிறங்குவதற்கு முன் வெல்க்ரோ பட்டைகளில் ஒட்டியிருக்கும் புல் விதைகளைக்கூடக் கவ்வியால் பிடுங்கி எடுத்து, காலணிகளைக் கிருமிநாசினியில் நனைத்த பிறகே படகில் ஏற்றுவார்கள். பறவைக் காய்ச்சல் பரவத் தொடங்கியதிலிருந்து கரையில் உட்காரவும் பையைத் தரையில் வைக்கவும் தடை இருக்கிறது.

நங்கூரம்:
கடலோடி சொல்வதை முழுமையாக ஏற்க இயலவில்லை. தென் அமெரிக்காவுக்கும் அண்டார்க்டிகாவுக்கும் இடையே உள்ள ட்ரேக் நீரிணையைக் கடக்க ஒரு வழிக்கே ஏறத்தாழ இரண்டு நாள்கள் ஆகும். கடல் கொந்தளித்தால் சிறிய கப்பலில் குமட்டலோடு படுக்கையிலேயே கிடக்க நேரிடலாம். சிறிய கப்பல்தான் பனிக்கடலுக்கு உகந்தது என்ற எண்ணமும் பிழையானது. பனிக்கட்டியைத் தாங்கும் வகையில் வலுவூட்டப்பட்ட 'எக்ஸ்ப்ளோரர்' என்ற சிறிய கப்பல் 2007 நவம்பரில் தெற்கு ஷெட்லாந்து தீவுகளுக்கு அருகே பனியில் மோதி மூழ்கியது; 154 பேரும் உயிர்காப்புப் படகுகளில் ஏறி உயிர் தப்பினார்கள். எனவே கப்பலின் பனித்தரம் (பனிக்கட்டியைத் தாங்கும் வலிமைக்கான தரநிலை) என்ன என்று நிறுவனத்திடம் கேளுங்கள். அவசர மருத்துவ வெளியேற்றத்துக்கான காப்பீட்டையும் எடுத்துவிடுங்கள், ஏனெனில் அங்கிருந்து மருத்துவமனையைச் சென்றடையப் பல நாள்கள் ஆகலாம்.

தென்திசை:
அனைவருக்கும் நன்றி. இருநூறு பேருக்கு உட்பட்ட, பனித்தரம் பெற்ற கப்பல் ஒன்றைப் பிப்ரவரி மாதத்துக்குத் தேடுகிறேன். ஒரு நாளில் ஒருவருக்கு எத்தனை முறை கரையிறங்கும் வாய்ப்புக் கிடைக்கும் என்பதை முன்பதிவுக்கு முன்பே எழுத்தில் கேட்டுப் பெறுவேன்.