அப்பாமாருக்குக் கொட்டைப்பெட்டி: ஓலை வேலை தெரிந்தவர்களின் உதவி தேவை

அனைவருக்கும் வணக்கம். யாழ்ப்பாணத்துக் கோப்பாயில் மாலை வேளைகளில் ஒன்பது, பத்து வயதுப் பிள்ளைகளுக்குக் கைப்பணி பழக்கி வருகிறேன். யூன் மாதத்து மூன்றாம் ஞாயிறன்று வரும் தந்தையர் தினத்துக்கு, கடையில் வாங்கும் வாழ்த்து அட்டைக்குப் பதிலாக, எங்கள் அப்பப்பாமார் காசும் வெற்றிலையும் வைத்து மடியில் செருகித் திரிந்த, பனையோலையில் இழைத்த கொட்டைப்பெட்டியைச் சிறிய அளவில் பிள்ளைகளைக் கொண்டே இழைப்பிக்க விரும்புகிறேன். (அப்பா இல்லாத பிள்ளைகள் மாமாவுக்கோ தாத்தாவுக்கோ கொடுக்கட்டும் என்று முதல் நாளே சொல்லிவிட்டேன்.)

சார்வோலையை (பனையின் இளம் ஓலை) கால் அங்குல அகலத்தில் வார்ந்து கொடுத்தேன். அடிப்பக்கம் ஒழுங்காக வருகிறது. மூலை திருப்பும் இடத்தில்தான் ஓலை வெடிக்கிறது. ஈரத்துணியில் சுற்றி வைத்தால் வளைகிறது என்றாலும், ஈரம் கூடினால் காய்ந்தபின் பின்னல் தளர்ந்து, மூடி பெட்டியில் நிற்பதில்லை. கொதிநீரில் சாயமிட்ட சிவப்பு ஓலையோ விரல்களிலும் ஒரு பிள்ளையின் வெள்ளைச் சட்டையிலும் ஒட்டிக்கொண்டது.

ஓலையை எவ்வளவு நேரம் பதப்படுத்த வேண்டும், சாயம் கழலாமல் இருக்க என்ன செய்ய வேண்டும் என்பதை அனுபவமுள்ளவர்கள் அறியத் தருவீர்களா? ஒரு மாலை வந்து மூலை திருப்பிக் காட்டக்கூடிய அம்மாமார் அயலில் இருந்தால் இன்னும் நல்லது.