சிகிச்சைக் குழுக் கூட்டத்தில் உள்நோயாளியையும் அமர்த்துவது எப்படி?

கேள்வி (மனநல வார்டு செவிலியர்):

எங்கள் வார்டில் வாரம் ஒரு முறை மனநல மருத்துவர், உளவியலாளர், சமூகப் பணியாளர், செவிலியர்கள் என ஏழெட்டுப் பேர் கூடி மருந்தின் அளவு, வெளியே சென்றுவர அனுமதி, வீடு திரும்பும் நாள் ஆகியவற்றை முடிவு செய்கிறோம். யாரைப் பற்றிப் பேசுகிறோமோ அவர் மட்டும் அங்கே இருப்பதில்லை. முடிவை அவரிடம் சொல்லும் பொறுப்பு பெரும்பாலும் எனக்கே வருகிறது. "என்னை வைத்துக்கொண்டே பேசியிருக்கலாமே, சிஸ்டர்" என்று சென்ற வாரம் ஒருவர் கேட்டபோது என்னிடம் பதில் இல்லை. நோயாளிகளை அழைக்கலாம் என்றால், நோய் தீவிரமாக உள்ளவர் பதற்றமடைவார், குழுவினரும் மனம்விட்டுப் பேச முடியாது என்கிறார்கள். அனுபவமுள்ளவர்கள் வழிகாட்ட வேண்டுகிறேன்.

மறுமொழி (மனநல மருத்துவர்):

இரண்டாவது தடையையே முதலில் எடுத்துக்கொள்கிறேன். எங்களைப் போன்றவர்களின் உண்மையான தயக்கம் அதுதான். பின்லாந்தின் டோர்னியோவிலுள்ள கெரோபுதாஸ் மருத்துவமனையில், நோயாளியைப் பற்றிய சிகிச்சைப் பேச்சு அவர் முன்னிலையிலேயே நடக்க வேண்டும் என்ற முறையை 1984-இல் கொண்டுவந்தார்கள். பின்னாளில் 'திறந்த உரையாடல்' எனப் பெயர் பெற்ற அணுகுமுறை அதிலிருந்து வளர்ந்தது. குழுவினர் தமக்குள்ள கருத்து வேறுபாட்டைக்கூட நோயாளியின் காதுபடவே பேசிக்கொள்வது அதன் இயல்பு. "மருந்தைக் கூட்டுவதா, ஒரு வாரம் பொறுப்பதா என்று எனக்கே இன்னும் தெளிவாகவில்லை" என்று நோயாளியின் எதிரில் சொல்ல நானும் முதலில் தயங்கினேன். சொன்னதால் யாரும் என்மீது நம்பிக்கை இழக்கவில்லை.

அவர் உடனிருப்பதால் நம் பிழைகளும் திருத்தப்படுகின்றன. ஒருவர் இரவெல்லாம் வராந்தாவில் நடந்துகொண்டிருந்ததைக் 'கிளர்ச்சி' என்று கோப்பில் எழுதி, மருந்தைக் கூட்ட ஏறக்குறைய முடிவெடுத்துவிட்டோம். "உட்கார்ந்தால் காலுக்குள் ஏதோ ஊர்வதுபோல் இருக்கிறது, நடந்தால்தான் அடங்குகிறது" என்று அவரே கூட்டத்தில் சொன்ன பிறகுதான், அது நோயன்று, நாங்கள் கொடுத்த மருந்தின் பக்கவிளைவான அகதீசியா (ஓரிடத்தில் அமரவிடாத உடல் தவிப்பு) என்பது புலப்பட்டது. கூட்டியிருந்தால் அவருடைய அவதியும் கூடியிருக்கும்.

மறுமொழி (முன்பு உள்நோயாளியாக இருந்தவர்):

அழைப்பது மட்டும் போதாது என்பதை என் அனுபவத்திலிருந்து சொல்கிறேன். முதல் கூட்டத்தில் எனக்குக் கதவோரம் ஒரு நாற்காலி போட்டிருந்தார்கள். மருந்தால் வாய் உலர்ந்து நாக்கு தடித்திருந்தது. ஒரு வாக்கியத்தை நான் மனத்தில் கோப்பதற்குள் பேச்சு அடுத்த செய்திக்குப் போய்விடும். என் எதிரிலேயே "இவர் சரியாகத் தூங்குவதில்லை" என்று ஒருவருக்கொருவர் சொல்லிக்கொண்டார்கள். இறுதியில், "ஏதாவது சொல்ல வேண்டுமா?" என்று கேட்டார்கள். "இல்லை" என்றேன்.

அடுத்த கூட்டத்திற்கு முந்தைய மாலை, ஒரு செவிலியர் அரைத்தாளுடன் என் கட்டிலருகே அமர்ந்து, நான் கேட்க விரும்பியவற்றை என் சொற்களிலேயே எழுதவைத்தார். காலை மாத்திரையை இரவுக்கு மாற்ற முடியுமா என்பது முதல் வரி. மறுநாள் அவர் என் பக்கத்திலேயே அமர்ந்தார். மருத்துவரும் கோப்பைத் திறக்குமுன் அந்தத் தாளைக் கேட்டு வாங்கினார். சகோதரி, உங்களிடம் நான் வேண்டுவது அந்த அரை மணி நேரத்தைத்தான்.

மறுமொழி (சமூகப் பணியாளர்):

பதற்றம் மிகுந்திருக்கும் நாளில் ஏழெட்டுப் பேருக்குப் பதில் இரண்டு மூன்று பேர் அமர்ந்து பத்து நிமிடத்தில் முடிக்கலாம். நடுவில் எழுந்து செல்லவும், தாம் நம்பும் ஒருவரை அனுப்பவும் உரிமை உண்டு என்பதை நோயாளிக்கு முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். குடும்பத்தினர் நம்மிடம் மறைவாகச் சொன்னவை மட்டும் தனியே பேசப்பட வேண்டியவை. அப்படி ஒரு தனிப்பேச்சு நடக்கிறது என்பதையும் அவரிடம் மறைக்காதீர்கள். பின்னால் தெரியவந்தால், கூட்டமே கண்துடைப்பு என்று அவருக்குத் தோன்றிவிடும்.