மிலிட்டரி தாத்தாவுக்கு நினைவு மலர், என்ன எழுதுவது?

பாம்பன் பேரன்:
எல்லோருக்கும் வணக்கம். எங்கள் தாத்தா இறந்து அடுத்த மாதத்தோடு ஒரு வருடம் ஆகிறது. நினைவுத் திருப்பலியன்று கொடுக்க எட்டுப் பக்கத்தில் ஒரு மலர் போடலாம் என்று வீட்டில் முடிவு செய்தார்கள், எழுதுகிற வேலை என் தலையில் விழுந்துவிட்டது. அவர் மெட்ராஸ் ரெஜிமென்ட்காரர். 1964 டிசம்பர் புயலில் தனுஷ்கோடி அழிந்தபோது வீட்டு வள்ளமும் வலையும் சேர்ந்தே போய்விட்டன. அடுத்த வருடம் பட்டாளத்துக்கு ஆள் எடுக்கிறார்கள் என்று கேள்விப்பட்டுப் போனவர். 1971 பாகிஸ்தான் சண்டையில் இருந்தார். அவ்வளவுதான் தெரியும். கேட்டால் "குளிர்டா, ரொட்டிடா" என்பதோடு சரி. பெரியப்பாவோ முதல் பக்கத்திலேயே "எதிரிகளைப் புறமுதுகிட்டு ஓடச் செய்த மாவீரர்" என்று போடச் சொல்கிறார். தாத்தா இருந்திருந்தால் அந்த மலரை மடித்து அடுப்பில் வைத்திருப்பார். எனக்குத் தெரிந்த தாத்தா விடியக்காலையில் கோயில் மணி அடிப்பவர், செபமாலை முடியாமல் காபி தொடாதவர், மற்ற நேரமெல்லாம் யாருக்காவது மனு எழுதிக்கொண்டிருப்பவர். இதை வைத்து எட்டுப் பக்கம் வருமா? பட்டாளத்து விவரத்தை எங்கே தேடுவது?

ஓய்வு ஹவில்தார்:
தம்பி, முதலில் அவருடைய டிரங்குப் பெட்டியைத் திற. டிஸ்சார்ஜ் புக் இருக்கும், சேர்ந்த தேதியிலிருந்து வாங்கிய மெடல் வரைக்கும் அதில் பார்க்கலாம். பூர்வி ஸ்டார் வாங்கியிருந்தால் கிழக்கு வங்காளப் பக்கம், பஸ்சிமி ஸ்டார் என்றால் மேற்கு எல்லை. வட்ட மெடல்களின் விளிம்பைத் திருப்பிப் பார், சிப்பாய் நம்பரும் பெயரும் பொடி எழுத்தில் வெட்டியிருக்கும். புத்தகம் கிடைக்காவிட்டால் பாட்டியின் பென்ஷன் பேப்பரை எடுத்துக்கொண்டு ராமநாதபுரம் முன்னாள் படைவீரர் நல அலுவலகத்துக்குப் போ, மெட்ராஸ் ரெஜிமென்ட் தலைமையிடமான வெலிங்டனுக்கு எப்படி எழுதுவது என்று சொல்வார்கள். நான் 71க்கு அப்புறம் சேர்ந்தவன். எங்கள் சுபேதாரும் அந்தச் சண்டையைப் பற்றி வாயைத் திறக்கமாட்டார், நாங்களும் கேட்டதில்லை. பெரியப்பாவைப் பகைக்காதே, மெடல் படத்தைப் பெரிதாகப் போடு, சமாதானமாகிவிடுவார்.

தங்கச்சிமடம் டீச்சர்:
தம்பி, உங்கள் தாத்தா யார் என்று தெரிந்துவிட்டது, பெயர் சொல்லவில்லை. நவம்பரை எழுதுங்கள். பென்ஷன் வாங்குகிறவர்கள் உயிரோடு இருப்பதைக் காட்டவேண்டிய மாதம் அது. ஷேர் ஆட்டோ பிடித்து நாலைந்து கிழவிகளை ஏற்றிக்கொண்டு அவர் கிளம்பிவிடுவார். ஒருமுறை நானே பார்த்தேன். பட்டாளத்துக்காரரின் மனைவி ஒரு பாட்டி, கடலில் பாசி எடுக்கப் போகிறவர். விரலில் துணி சுற்றிக்கொண்டுதான் இறங்குவார்கள், ஆனாலும் பாறையில் பறித்துப் பறித்து ரேகை தேய்ந்து மெஷினில் விழவே இல்லை. உள்ளே இருந்தவர் நாளைக்கு வாங்க என்றார். தாத்தா சத்தம் போடவில்லை. சட்டைப் பையிலிருந்து சின்ன எண்ணெய் பாட்டிலை எடுத்து, பாட்டியின் பெருவிரலில் தேய்த்து, துண்டால் துடைத்து, வை என்றார். விழவில்லை. மறுபடி துடைத்து, வை. ஐந்து தடவை. அப்புறம் கண்ணைக் காட்டினால் பதிகிற மெஷின் எங்கே இருக்கிறது என்று விசாரித்து ராமநாதபுரத்துக்கே பஸ் ஏற்றிக் கூட்டிப்போனார். பாசிக்குப் போயிருந்தால் காசாவது கிடைத்திருக்கும் என்று பாட்டி வழியெல்லாம் அவரைத்தான் திட்டிக்கொண்டு போனார்!
இன்னொன்று. வருடா வருடம் ஓரியூருக்கு நடந்தே போவார். 1693ல் புனித அருளானந்தர் வேதத்துக்காக வெட்டுப்பட்ட இடத்தில் மணல் சிவப்பாக இருக்குமே, அதைப் பொட்டலம் பொட்டலமாக மடித்துவந்து நோயாளி இருக்கிற வீடுகளில் கொடுப்பார், கூடவே ஆஸ்பத்திரிக்கும் போகச் சொல்லிவிட்டுத்தான் நகர்வார். ஊர் வேலைக்கு ஓடி ஓடி வீட்டில் தங்கமாட்டார் என்று உங்கள் பாட்டி என்னிடமே புலம்பியிருக்கிறார். அதை மறைக்காதீர்கள்.

ஏர்வாடிக்காரன்:
மனு எழுதும்போது தாளின் தலையில் சின்னதாகச் சிலுவை போட்டுத்தான் தொடங்குவார். எங்கள் வாப்பாவுக்கு எழுதியபோது நிறுத்தி, நிமிர்ந்து பார்த்துவிட்டு, 786 போட்டார். பக்கத்து வீட்டு அண்ணனுக்குப் பிள்ளையார் சுழி. ஆபீசில் அதை யார் பார்க்கப்போகிறார்கள், ஆனால் அவர் விடமாட்டார். பேனாவும் அவருடையதுதான், காசு கொடுத்தால் கோயில் உண்டியலைக் காட்டுவார்.

பாம்பன் பேரன்:
பெட்டியைத் திறந்துவிட்டேன். டிஸ்சார்ஜ் புக் கிடைத்தது, பூர்வி ஸ்டார்தான். அதற்குக் கீழே ஒரு கட்டு கார்பன் தாள், பாதி காலியான எண்ணெய் பாட்டில். டீச்சர் எழுதியதைப் பாட்டிக்குப் படித்துக் காட்டினேன், சிரித்துவிட்டு, "அவருக்கு நாலு பக்கம் போதும், மிச்சம் நாலு பக்கத்தில் நான் பட்ட பாட்டை எழுது" என்கிறார். இன்று ராத்திரி உட்காரப்போகிறோம்.