கடவுளை நம்புகிறவர்கள்தான் நல்லவர்களா? நீங்கள் பார்த்ததைச் சொல்லுங்கள்

பாளையங்கோட்டையிலிருந்து:
நான் சண்டே ஸ்கூல் டீச்சர். தேவபயம் இல்லாதவன் எதற்கும் துணிவான் என்று எங்கள் சபையில் சர்வசாதாரணமாகச் சொல்வார்கள். எங்கள் தெருவில் மின்வாரியத்தில் ஓய்வு பெற்ற அண்ணாச்சி ஒருவர் இருக்கிறார், பழுத்த பெரியார்வாதி, கறுப்புச் சட்டை இல்லாமல் நான் பார்த்ததே இல்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை தெருமுனையில் தூய்மைப் பணியாளர் அக்கா ஒருவரை எவனோ பைக்கில் இடித்துத் தள்ளிவிட்டுப் போய்விட்டான். ஆராதனைக்கு மணி அடித்தாயிற்று, பைபிளும் கையுமாக எங்கள் ஆட்களே வண்டியை ஒதுக்கி ஓட்டிக்கொண்டு போகிறார்கள். நான் போய்ச் சேர்வதற்குள் அண்ணாச்சி தன் துண்டைக் கிழித்து அந்த அக்கா நெற்றியில் கட்டி, ஒரு ஆட்டோவையும் மறித்து நிறுத்தியிருந்தார். இரண்டு பேருமாக ஹைகிரவுண்டு ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். வார்டில் சேர்க்கும்வரை மனிதர் நகரவில்லை, வீட்டில் பிள்ளைகள் சாப்பிட்டார்களா என்பதுவரை விசாரித்தார்.

நிற்காமல் போனவர்களைக் கெட்டவர்கள் என்று சொல்லமாட்டேன், அவர்களில் பலரை எனக்கு நன்றாகவே தெரியும். 1973இல் வெளியான ஒரு அமெரிக்க ஆய்வில், பிரின்ஸ்டனில் இறையியல் படித்த மாணவர்களைப் பேச்சுக்கு அனுப்பினார்கள், அதில் சிலருக்குத் தலைப்பே நல்ல சமாரியன் உவமைதான், வழியில் அடிபட்டுக் கிடந்தவனுக்கு நின்று உதவிய ஒருவனைப் பற்றி இயேசு சொன்ன கதை. வழியில் ஒருவரை இருமி முனகிக்கொண்டு கிடக்க வைத்தார்கள். அவசரப்படுத்தி அனுப்பியவர்களில் 10 சதவீதம் பேர்தான் உதவினார்கள், அவசரமில்லாதவர்களில் 63 சதவீதம். யாருக்கு எவ்வளவு பக்தி என்பதை வைத்து யார் நிற்பார் என்று சொல்ல முடியவில்லை. எங்கள் தெருமுனையில் நான் பார்த்ததும் அதுதான்.

வேலூர்ப் பக்கத்திலிருந்து:
நான் கடவுள் மறுப்பாளன், ஆனாலும் இதைச் சொல்லியாக வேண்டும். என் பாட்டிக்குத் தொழுநோய். சொந்த வீட்டிலேயே தட்டைத் தள்ளித்தான் வைத்தார்கள். கரிகிரி மிஷன் ஆஸ்பத்திரியில் ஒரு சிஸ்டர் பாட்டியின் காலை மடியில் தூக்கி வைத்துப் புண்ணைக் கழுவியதைச் சின்னப் பையனாக நான் பார்த்திருக்கிறேன். உணர்ச்சி செத்த கால் மறுபடி புண்ணாகக் கூடாதென்று அளவெடுத்து எம்.சி.ஆர். என்கிற மெத்தென்ற ரப்பரில் செருப்பும் தைத்துக் கொடுத்தார்கள். மதம் மாறச் சொல்லவில்லை, பாட்டி கடைசிவரை அம்மன் கோயிலுக்குத்தான் போனார். அந்த சிஸ்டரை அங்கே கொண்டுவந்தது அவர் விசுவாசம்தான். அதை மறுக்க எனக்கு மனசு வராது.

திருச்சியிலிருந்து:
இரண்டையும் படித்தேன். எங்கள் ஊர் மேலப்புதூர் கல்லறைத் தோட்டத்தில் தலித் கிறிஸ்தவர்களைத் தனியே பிரித்து எழுப்பிய சுவர் ஊரறிந்த விஷயம். என் அம்மாச்சி ஜெபமாலை சொல்லாமல் படுத்ததில்லை, வாசலுக்கு வந்த யாரையும் பசியோடு அனுப்பியதும் இல்லை. அந்தச் சுவரை எழுப்பியவர்கள் உருட்டியதும் அதே ஜெபமாலைதானே. அதனால் தனி ஆளை வைத்து மட்டும் இதைப் பேசுவதில் எனக்கு உடன்பாடில்லை, கும்பலாகச் சேரும்போது என்ன செய்கிறோம் என்பதையும் பேசுங்கள். சபைக்குப் போகிறவர்கள் உங்கள் ஊர்க் கல்லறையில் நிலைமை எப்படி என்று எழுதுங்கள்.