பிரிட்டிஷ் பாஸ்போர்ட்டோடு ஸ்பெயினில் குடியேற: எந்தக் காகிதத்தை எப்போது எடுப்பது?

ஹாரோவாசி கேட்டது:

வணக்கம். லண்டனில் இருக்கிறோம், இருவரும் பிரிட்டிஷ் குடிமக்கள். எனக்கு 61 வயது, மனைவிக்கு 58. அடுத்த வருஷம் அலிகாந்தே பக்கம் போய்த் தங்கிவிடலாம் என்று எண்ணம். வேலை பார்க்காமல் தங்குகிறவர்களுக்கான ‘நோ லுக்ராத்திவா’ விசாதான் எங்களுக்குப் பொருந்தும் என்று தெரிகிறது. கவுன்சில் பென்ஷன் மாதம் 1,450 பவுண்டு, ஒரு ஃபிளாட்டின் வாடகை 1,100 பவுண்டு, கையிருப்பு 40,000 பவுண்டு.

போலீஸ் சான்று, டாக்டர் சான்று, காப்பீடு, திருமணச் சான்று எல்லாவற்றுக்கும் தனித்தனிக் காலாவதி இருக்கிறது. ஒன்றை வாங்கி முடிப்பதற்குள் இன்னொன்று கெட்டுப்போகும் போலிருக்கிறது. எந்த வரிசையில் போவது? கல்யாணம் மதுரையில் பதிவானது. அந்தச் சான்றில் என் பெயர் இனிஷியலோடு இருக்கிறது, பாஸ்போர்ட்டில் அப்பா பெயர் முழுதாக சர்நேம் ஆகிவிட்டது. இன்னொன்று, மனைவி வாரத்துக்கு ஆறு மணி நேரம் ஆன்லைனில் கணக்கு டியூஷன் எடுக்கிறார். அதைத் தொடரலாமா?

பழைய கோப்பு எழுதியது:

டியூஷனை முதலில் முடித்துவிடுகிறேன் சார், ஏனென்றால் விண்ணப்பமே அதில்தான் விழும். இந்த விசாவில் எந்த வேலையும் கூடாது. ஸ்பெயினுக்கு வெளியே இருக்கிற மாணவருக்கு லேப்டாப்பில் சொல்லிக்கொடுப்பதும் வேலைதான். பேங்க் ஸ்டேட்மென்ட்டில் வாராவாரம் 60, 80 பவுண்டு என்று சின்னத் தொகைகள் விழுந்தால் அதிகாரி முதலில் அதைத்தான் கேட்பார். விண்ணப்பிப்பதற்குச் சில மாதம் முன்பே நிறுத்திவிடுங்கள். இணையத்தில் வெளிநாட்டு வேலை பார்க்கிறவர்களுக்கு டிஜிட்டல் நோமாட் விசா என்று தனியாக ஒன்று இருக்கிறது, ஆனால் அதன் வருமான அளவுக்கு ஆறு மணி நேர டியூஷன் கிட்டேகூட வராது.

அடுத்து பணம். ‘இப்ரெம்’ என்கிற குறியீட்டுத் தொகை மாதம் 600 யூரோ. 2023 முதல் அது நகரவில்லை. விண்ணப்பதாரருக்கு அதில் 400 சதவீதம், அதாவது வருஷத்துக்கு 28,800 யூரோ. உடன் வருகிற ஒவ்வொருவருக்கும் 100 சதவீதம், 7,200. உங்கள் இருவருக்கும் சேர்த்து 36,000 யூரோ. நீங்கள் சொன்ன வருமானம் வருஷத்துக்கு 30,600 பவுண்டு. யூரோவாக மாற்றினால் கோட்டுக்குக் கொஞ்சம் இந்தப் பக்கமோ அந்தப் பக்கமோ நிற்கும். கையிருப்பு 40,000 இருப்பதால் பயமில்லை, ஆனால் அதையும் சேர்த்தே காட்டுங்கள். வாடகைக்கு ஒப்பந்தமும், ஃபிளாட் உங்கள் பெயரில் இருப்பதற்கு லேண்ட் ரெஜிஸ்ட்ரி நகலும் வையுங்கள். விண்ணப்பத்துக்கு முந்தின வாரம் யாரோ 20,000 போட்டுக் கணக்கைக் கொழுக்க வைத்தால் அது உதவாது, கேள்வியைத்தான் கிளப்பும்.

இனி வரிசை. சமர்ப்பிக்கும் நாளை முதலில் குத்துமதிப்பாக வைத்துக்கொண்டு, அங்கிருந்து பின்னோக்கி எண்ணுங்கள். அதிக நாள் இழுப்பது இந்தியக் காகிதம், அதில்தான் ஆரம்பிக்க வேண்டும். அதன் பிறகு ‘ஆக்ரோ’, அதாவது பிரிட்டிஷ் போலீஸின் குற்றப் பதிவு அலுவலகம் தருகிற போலீஸ் சான்று. அது ஆறு மாதத்துக்குள் எடுத்ததாக இருக்க வேண்டும். கடந்த ஐந்து வருஷத்தில் வேறு நாட்டில் குடியிருந்திருந்தால் அந்த நாட்டுச் சான்றும் வேண்டும். டாக்டர் சான்று மூன்று மாதத்துக்குள். காப்பீடு கடைசியில்.

ஆக்ரோ சான்றில் பலர் தடுக்கி விழுகிற இடம் அப்போஸ்டில், அதாவது ஆவணம் உண்மையானது என்று வெளிநாட்டுக்குக் காட்டுகிற அரசு முத்திரை. இப்போது மின்னணு அப்போஸ்டில் கிடைக்கிறது, அது விரைவு என்று அதைப் போட்டுவிடுகிறார்கள். போலீஸ் சான்றுக்கு அது கிடையாது. காகிதத்தைத் தபாலில் அனுப்பி, பின்பக்கம் ஒட்டி முத்திரை வைத்து வாங்க வேண்டும். மொழிபெயர்ப்பு அதற்குப் பிறகுதான். முதலில் மொழிபெயர்த்துவிட்டு அப்புறம் அப்போஸ்டில் வாங்கினால், அப்போஸ்டில் பக்கம் மொழிபெயர்க்கப்படாமல் நிற்கும், மறுபடி காசு. மொழிபெயர்ப்பாளர் ஸ்பெயின் வெளியுறவு அமைச்சகத்தின் பட்டியலில் உள்ள ‘ஹுராதோ’வாக, அதாவது உறுதிமொழி எடுத்த மொழிபெயர்ப்பாளராக இருக்க வேண்டும். லண்டனில் ‘சர்டிஃபைட்’ என்று ரப்பர் ஸ்டாம்ப் வைத்துத் தருகிறவர் போதாது.

டாக்டர் சான்றில் ஒரு குறிப்பிட்ட வாசகம் வேண்டும்: 2005ஆம் ஆண்டின் சர்வதேச சுகாதார விதிகளின்படி பொதுச் சுகாதாரத்துக்குப் பெரும் பாதிப்பு தரக்கூடிய நோய் எதுவும் இல்லை. என்.எச்.எஸ். ஜி.பி., அதாவது அரசு மருத்துவச் சேவையின் குடும்ப டாக்டர், பலர் இதை எழுதித் தர மாட்டார்கள், அல்லது ‘எனக்குத் தெரிந்தவரை’ என்று தங்கள் பாணியில் மாற்றிவிடுவார்கள். தூதரகம் தருகிற வாசகத்தை அப்படியே அச்செடுத்துக்கொண்டு பிரைவேட் டாக்டரிடம் போவதுதான் சுருக்கமான வழி. லெட்டர்ஹெட், கையெழுத்து, முத்திரை மூன்றும் இருக்கட்டும்.

காப்பீடு ஸ்பெயினில் அனுமதி பெற்ற நிறுவனத்துடையது, ஒரு வருஷத்துக்கு. சான்றிலேயே ‘சின் கொபாகோஸ்’, ‘சின் காரென்சியாஸ்’ என்று எழுதியிருக்க வேண்டும். முதலாவது ஒவ்வொரு முறையும் நோயாளி கைக்காசு கட்டுவது இல்லை என்பது, இரண்டாவது காத்திருப்புக் காலம் இல்லை என்பது. டிராவல் இன்ஷூரன்ஸைக் கொண்டுபோய் நீட்டாதீர்கள்.

மாட்டுத்தாவணி எழுதியது:

மதுரைச் சான்றுக்கு மட்டும் சொல்கிறேன் அண்ணே. வீட்டில் இருக்கிற பழைய மஞ்சள் பேப்பரைத் தொடாதீர்கள், பதிவு அலுவலகத்தில் புதுச் சான்று நகல் வாங்குங்கள். முடிந்தால் ஆங்கிலத்தில். தமிழிலிருந்து நேரே ஸ்பானிஷுக்கு மாற்றுகிற ஹுராதோவைத் தேடிப் பிடிப்பது குதிரைக்கொம்பு. அந்த நகலைச் சென்னையில் மாநில அரசின் உள்துறை முதலில் சான்றளிக்கும், அதற்குப் பிறகுதான் வெளியுறவு அமைச்சகத்தின் அப்போஸ்டில். இந்தியா 2005லிருந்தே அப்போஸ்டில் ஒப்பந்தத்தில் இருக்கிறது, அதனால் ஸ்பெயின் தூதரக முத்திரை தனியாக வேண்டாம். லண்டன் அப்போஸ்டில் அலுவலகத்துக்கு இந்தியச் சான்றை அனுப்பிப் பயனில்லை, பிரிட்டனில் கொடுத்த ஆவணத்துக்குத்தான் அவர்கள் முத்திரை.

பெயர் விஷயத்துக்கு: ‘ஆர். முத்துக்குமார்’ என்பவரும் ‘முத்துக்குமார் ராமசாமி’ என்பவரும் ஒரே ஆள் என்று லண்டனில் ஒரு நோட்டரி முன் உறுதிமொழிப் பத்திரம் எழுதி, அதற்கும் அப்போஸ்டில், அதற்கும் ஹுராதோ மொழிபெயர்ப்பு. செலவுதான், ஆனால் கவுன்டரில் நின்று தமிழ் இனிஷியல் முறையை விளக்கிக்கொண்டிருப்பதைவிட மேல். ஸ்பானியர்களுக்கு ஆளுக்கு இரண்டு குடும்பப் பெயர். நமக்கோ ஒன்றுகூடக் கிடையாது, அப்பா பெயரைத்தான் இழுத்து உட்கார வைத்திருக்கிறோம். படிவத்தில் ‘செகுந்தோ அபெயிதோ’ என்கிற இரண்டாவது குடும்பப் பெயர்க் கட்டத்தைக் காலியாக விடுங்கள். அதை நிரப்ப வேண்டும் என்று அம்மா பெயரை எழுதினால் பாஸ்போர்ட்டோடு ஒத்துப்போகாது. அம்மா, அப்பா பெயருக்கு அதே படிவத்தில் தனிக் கட்டம் இருக்கிறது.

ஹாரோவாசி எழுதியது:

ரொம்ப நன்றி. டியூஷனை நிறுத்துகிறோம். விசா கைக்கு வந்ததும் அங்கே என்ன வேலை? காரும் நாயும் இருப்பதால் கலே வழியாக ஓட்டிக்கொண்டு போக யோசனை. என் அக்கா குடும்பம் 2019லிருந்து தோரெவியெஹாவில் இருக்கிறது. அவர்களுடைய ஐந்து வருஷ அட்டை முடிகிறது, அவர்களும் இதே விசாவுக்குப் போக வேண்டுமா என்று பதறுகிறார்கள்.

கோஸ்தா பிளாங்கா எழுதியது:

கலே வழி என்றால் ஒரு கண்ணி இருக்கிறது. எல்லையில் உங்களைப் பார்க்கிறவர் பிரெஞ்சு அதிகாரி. ஸ்பெயினுக்குள் எப்போது வந்தீர்கள் என்பதற்கு ஸ்பானிய ஆதாரம் எதுவும் இருக்காது. அதற்குத்தான் ‘தெக்ளராசியோன் தே என்த்ராதா’: ஸ்பெயினில் கால் வைத்து மூன்று வேலை நாளுக்குள் தேசியப் போலீஸில் வருகையை அறிவித்து ஒரு தாள் வாங்குவது. போர்ட்ஸ்மவுத்திலிருந்து சந்தாந்தேர் அல்லது பில்பாவோவுக்கு நேர்க் கப்பல் பிடித்தால் இந்தத் தொல்லையே இல்லை, நாயையும் ஏற்றலாம்.

வந்த நாளிலிருந்து ஒரு மாதத்துக்குள் ‘டி.ஐ.இ.’ என்கிற வெளிநாட்டவர் அடையாள அட்டைக்கு விண்ணப்பிக்க வேண்டும். அதற்கு முன்னால் ‘பத்ரோன்’, அதாவது ஊராட்சி அலுவலகமான அயுந்தமியெந்தோவில் முகவரிப் பதிவு. வாடகை ஒப்பந்தமும் பாஸ்போர்ட்டும் கொண்டுபோங்கள். சுற்றுலா வாடகை வீட்டுக்காரர்கள் ‘பத்ரோன் வேண்டாம்’ என்பார்கள். வீடு பேசும்போதே அதைக் கேட்டு முடித்துக்கொள்ளுங்கள். பத்ரோன் சான்று மூன்று மாதத்துக்குள் எடுத்ததாக இருக்கட்டும். நிரந்தர வதிவிட அட்டை வராதவரை அந்தப் பதிவையே இரண்டு வருஷத்துக்கு ஒரு முறை உறுதி செய்ய வேண்டும், மறந்தால் பெயரை எடுத்துவிடுவார்கள்.

அடுத்தது ‘சித்தா பிரேவியா’, முன்பதிவு. எல்லாருக்கும் மூச்சு முட்டுகிற இடம் இதுதான். தளத்தில் மாகாணத்தைத் தேர்ந்து, ‘தோமா தே உவேயா’ என்கிற கைரேகை வரிசையைச் சொடுக்கினால் பெரும்பாலும் ‘இப்போது இடம் இல்லை’ என்றுதான் வரும். ஒரு நாளில் பல முறை, முக்கியமாகக் காலையில், திறந்து பாருங்கள். ஒரே மாகாணத்தில் வேறு ஊர்ப் போலீஸ் நிலையமும் கிடைக்கலாம், அலிகாந்தே நகரத்தையே பிடித்துத் தொங்க வேண்டாம். காசுக்கு ‘சித்தா’ விற்கிறவர்கள் இருக்கிறார்கள். முன்பதிவு இலவசம், அவர்களால்தான் இடமே தீர்ந்துபோகிறது. ‘ஹெஸ்தோர்’ என்கிற முகவருக்குக் கட்டணம் கொடுத்துப் படிவ வேலையை ஒப்படைப்பது வேறு, அது முறையான தொழில்.

அன்றைக்குக் கொண்டுபோக வேண்டியவை: இ.எக்ஸ்-17 படிவம் இரண்டு நகல், விசா ஒட்டிய பாஸ்போர்ட்டும் நகலும், பத்ரோன் சான்று, 32க்கு 26 மில்லிமீட்டர் அளவில் வெள்ளைப் பின்னணிப் படம், கட்டணம் கட்டிய ‘790 கோதிகோ 012’ தாள். அந்தத் தாளில் இரண்டு தவறு திரும்பத் திரும்ப நடக்கிறது. ஒன்று, கணவர் தாளை நகலெடுத்து மனைவி பெயரைப் போடுவது. ஒவ்வொரு தாளின் மேலும் தனி எண் இருக்கிறது, ஆளுக்கு ஒன்றைத் தளத்திலிருந்து புதிதாக எடுக்க வேண்டும். இரண்டாவது, முதல் அட்டைக்கான கட்டத்துக்குப் பதிலாகப் புதுப்பித்தல் கட்டத்தில் டிக் அடிப்பது. தொகை சில யூரோ மாறும், கவுன்டரில் திருப்பி அனுப்புவார்கள், சித்தாவும் போச்சு. முதல் அட்டைக்கு 16 யூரோ அளவில்தான் வரும். முந்தின நாளே வங்கியில் கட்டிவிடுங்கள், பல கிளைகளில் காலை கொஞ்ச நேரம்தான் இந்தத் தாளை வாங்குவார்கள்.

உள்ளே நடப்பது பத்து நிமிஷம். இரண்டு கை ஆள்காட்டி விரலையும் கண்ணாடியில் உருட்டச் சொல்வார்கள். விரல் காய்ந்திருந்தால் ரேகை விழாது, துளி கிரீம் தடவிக்கொண்டு போவது நல்லது. முத்திரை வைத்த ‘ரெஸ்குவார்தோ’ சீட்டு தருவார்கள். அதைப் பத்திரமாக வையுங்கள். அட்டை வாங்க ஒரு மாதம், ஒன்றரை மாதம் கழித்துப் போகும்போது அது வேண்டும். பல இடங்களில் அட்டை வாங்கவும் தனி சித்தா. அட்டையைக் கையில் வாங்கியதுமே பெயர், பிறந்த தேதி, என்.ஐ.இ. என்கிற வெளிநாட்டவர் அடையாள எண் மூன்றையும் அங்கேயே நின்று படியுங்கள். என்.ஐ.இ. முதலில் ஓர் எழுத்து, நடுவில் ஏழு இலக்கம், கடைசியில் ஓர் எழுத்து. விசாவில் இருப்பதும் அட்டையில் இருப்பதும் ஒன்றாக இருக்க வேண்டும்.

அக்கா பதற வேண்டியதில்லை. 2020 டிசம்பர் 31க்கு முன்பே அங்கே குடியிருந்த பிரிட்டிஷ்காரர்களுக்கு, பிரெக்ஸிட்டுக்காகப் போட்ட விலகல் ஒப்பந்தத்தின் பாதுகாப்பு உண்டு. அட்டை முடிவதால் உரிமை முடியாது. ஐந்து வருஷம் ஆகிவிட்டதால் பத்து வருஷ நிரந்தர அட்டைக்குப் போகலாம்: இ.எக்ஸ்-23 படிவம், 012 கட்டணம், படம், பாஸ்போர்ட், பழைய அட்டை. முன்பதிவில் ‘பிரெக்ஸிட்’ என்று முடிகிற வரிசையைத் தேர்ந்தெடுக்க வேண்டும், நான் மேலே சொன்ன கைரேகை வரிசையை அல்ல. வருமானமோ காப்பீடோ காட்ட வேண்டியதில்லை. தப்பித் தவறி நோ லுக்ராத்திவாவுக்கு மாறிவிட வேண்டாம், கையில் இருக்கிற நல்ல உரிமையை விட்டுச் சின்ன உரிமையை வாங்குவது அது. நிரந்தரம் ஆன பிறகு தொடர்ந்து ஐந்து வருஷத்துக்கு மேல் வெளியே இருந்தால்தான் போகும். 2025 அக்டோபர் 12இல் தொடங்கிய எல்லைக் கைரேகைப் பதிவிலிருந்து அட்டை உள்ளவர்களுக்கு விலக்கு. எல்லையில் பாஸ்போர்ட்டோடு அட்டையையும் சேர்த்து நீட்டச் சொல்லுங்கள்.

பழைய கோப்பு எழுதியது:

கார் என்று சொன்னதால்: பிரிட்டிஷ் லைசென்ஸ் வதிவிட அனுமதி கிடைத்த நாளிலிருந்து ஆறு மாதம்தான் செல்லும். 2023 மார்ச் 16 முதல் தேர்வு இல்லாமல் மாற்றித் தருகிறார்கள். முதலில் போக்குவரத்துத் துறைத் தளத்தில் உங்கள் லைசென்ஸைப் பிரிட்டனோடு சரிபார்க்கக் கேட்க வேண்டும், அந்தப் பதில் வந்த பிறகுதான் நேரில் போகும் முன்பதிவு. ‘சிக்கோதெக்னிக்கோ’ என்கிற கண், கை அனிச்சைப் பரிசோதனைச் சீட்டு அதற்குமுன் கையில் இருக்கட்டும். ஆறாவது மாதத்தில் ஆரம்பித்தால் கார் வாசலில்தான் நிற்கும்.

தனியார் பென்ஷன் ஏதாவது இருந்து அதில் 25 சதவீதம் வரியில்லாமல் மொத்தமாக எடுக்கிற எண்ணம் இருந்தால் ஸ்பெயினில் வரிக்குடியாளர் ஆகும் முன்பே எடுங்கள். அங்கே அதற்கு வரிவிலக்கு இல்லை, பிரிட்டனின் வரியில்லாச் சேமிப்புக் கணக்கான ஐ.எஸ்.ஏ.வுக்கும் இல்லை. ஒரு காலண்டர் வருஷத்தில் 183 நாளுக்கு மேல் இருந்தால் வருஷம் முழுவதற்கும் அவர்கள் கணக்கு, பாதி பாதியாகப் பிரிக்கும் வழக்கம் ஸ்பெயினில் கிடையாது. எந்த மாதம் போய் இறங்குகிறீர்கள் என்பதை இதை வைத்தும் முடிவு செய்யுங்கள்.

ஹாரோவாசி எழுதியது:

அப்படியானால் ஆகஸ்ட் இறங்குவதுபோல் பின்னோக்கி எண்ணுகிறேன். மதுரைக்கு இந்த வாரமே ஆள் அனுப்புகிறேன்.